வாசகர் கேள்வி: மரவள்ளியோடு கரையேறியவர்களின் ஊர்

கேள்வி: கனடாவில் இருக்கும் மகளும் மருமகனும் வருகிற நவம்பரில் என்னையும் அழைத்துக்கொண்டு, பெலீஸ் நாட்டின் டங்க்ரீகா என்ற கடலோர ஊருக்குப் போக இருக்கிறார்கள். அங்கே கரீஃபுனா என்றொரு மக்கள் வாழ்கிறார்களாம். அவர்கள் யார்? நான் அங்கே எதைப் பார்க்க வேண்டும்?
வாசகி ஒருவர், முள்ளியவளை

பதில்: நவம்பர் என்றால் 19ஆம் திகதிக்கு முன்னரே போய்ச் சேர்ந்துவிடுங்கள், அம்மா.

கரீஃபுனா மக்கள், கரிபியக் கடலிலுள்ள சென் வின்சன்ட் தீவில் ஆபிரிக்கர்களும் அத்தீவின் பழங்குடிகளும் கலந்து உருவான மக்கள். தங்கள் மண்ணுக்காகப் பிரித்தானியருடன் போரிட்டுத் தோற்றபின், 1796இல் அவர்களில் ஆயிரக்கணக்கானோர் பாலிசோ என்ற சிறுதீவில் அடைக்கப்பட்டனர்; ஏறத்தாழப் பாதிப்பேர் நோயினாலும் பட்டினியாலும் அங்கேயே மாண்டார்கள். எஞ்சியோரை 1797இல் கப்பலேற்றி, ஹொண்டூராஸ் கரைக்கு அப்பாலுள்ள ரொவாட்டன் தீவில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து கரையோரமாகப் பரவியவர்களின் ஊர்களில் ஒன்றுதான் டங்க்ரீகா. 1832 நவம்பர் 19ஐ அவர்கள் பெலீசுக்கு வந்த நாளாகக் கொள்கிறார்கள். தோமஸ் வின்சென்ட் ராமோஸ் என்பவர் 1941இல் தொடக்கிய அந்த விழாநாள், இன்று நாடு முழுவதற்கும் பொது விடுமுறை.

அன்று விடியற்காலையில், மரவள்ளியும் வாழையும் மேளங்களும் ஏற்றிய வள்ளங்கள் கரைக்கு வரும். முன்னோர் வந்திறங்கியதை அப்படியே நடித்துக் காட்டுவார்கள். இடம்பெயர்ந்தபோது எதை எடுத்தோம், எதை விட்டோம் என்பதை இன்றும் எண்ணிச் சொல்லக்கூடிய நம் வன்னி மக்களுக்கு அந்தக் காட்சியை எவரும் விளக்க வேண்டியதில்லை.

எதைத் தவறவிட்டாலும், எரேபா என்ற மரவள்ளி ரொட்டி சுடப்படுவதைத் தவறவிடாதீர்கள். நாம் அவித்துச் சம்பலோடு உண்ணும் கிழங்கு அல்ல அது. பச்சையாக உண்டால் நஞ்சாகும் கசப்பு வகை. சிறு கற்கள் பதித்த பலகையில் அதைத் துருவி, ருகுமா என்ற நீண்ட பின்னற் குழாயில் அடைத்து, உயரத்தில் தொங்கவிட்டு, கீழ்முனையில் பாரம் ஏற்றுகிறார்கள். இழுபட இழுபடக் குழாய் ஒடுங்கி, நச்சுச்சாறு சொட்டுச் சொட்டாக வடிந்துவிடும். பின்னர் மாவை அரித்து, அகன்ற இரும்புத் தட்டில் பரப்பிச் சுடுவார்கள். மொறுமொறுப்பான அந்த ரொட்டி நெடுநாள் கெடாது. கடற்பயணத்துக்கு இதைவிட நல்ல கட்டுச்சாதம் ஏது? இடித்த வாழைக்காயும் தேங்காய்ப்பால் மீனும் சேர்ந்த ஹுடுத் என்ற உணவையும் உண்டு பாருங்கள். நம் மீன்சொதி நினைவுக்கு வரும்.

தெற்கேயுள்ள ஹொப்கின்ஸ் கிராமத்திலிருந்து, ஜகுவார் புலிகளுக்கான கொக்ஸ்கோம்ப் சரணாலயம் அதிக தூரமில்லை. ஜகுவாரைக் காண்பது அரிது. ஈரமண்ணில் அதன் காலடித் தடத்தைக் கண்டாலே பேறு. 1996இல் உலக மரபுரிமையாக்கப்பட்ட பவளப்பாறைத் தொடருக்குப் படகேறுவதானால், நவம்பர் மழையை முன்னிட்டு அன்றன்று காலையில் படகோட்டிகளைக் கேட்டே முடிவெடுங்கள்.

ஒன்றை மட்டும் அவர்களாக அழைத்தாலன்றிக் கேட்காதீர்கள்: முன்னோரை அழைத்து உணவு படைக்கும் டூகு என்ற வழிபாடு. மேளமும் ஆட்டமும் அதிலும் உண்டு என்றாலும் அது காட்சிக்குரியதன்று. வற்றாப்பளை அம்மன் கோவிலில் கடல்நீரில் விளக்கெரியும் வேளையில், அந்நியர் ஒருவர் கமெராவோடு குறுக்கே வந்து நின்றால் உங்களுக்கு எப்படியிருக்கும்?