ரா கோப்புகளைத் தரம் குறையாமல் சேமிப்பதும் அனுப்புவதும் எப்படி?

ரா என்பது கேமராவின் சென்சார் பதிவு செய்த ஒளித் தரவைப் படமாகப் பதப்படுத்தாமல் வைத்திருக்கும் கோப்பு. 14 பிட் ராவில் ஒரு புள்ளிக்கு 16,384 ஒளி அளவுகள் வரை பதிவாகலாம். ஜேபெக்கில் ஒரு வண்ணத்துக்கு 256 மட்டுமே. ரா வெட்டாத துணி என்றால் ஜேபெக் தைத்து முடித்த சட்டை. இருண்ட பகுதிகளை ராவில் அவ்வளவு நன்றாக மீட்க முடிவது இதனால்தான்.

இழப்பு பெரும்பாலும் அனுப்பும்போது நேர்கிறது. அரட்டைச் செயலிகளில் படமாக அனுப்பினால் சுருக்கப்பட்ட ஜேபெக்தான் போய்ச் சேரும், ஆவணமாக அனுப்புங்கள். படத்தில் செய்த திருத்தங்கள், அவற்றைக் குறித்து வைக்கும் எக்ஸ்எம்பி என்ற தனிக் கோப்பில் இருந்தால் அதையும் சேர்த்தே நகலெடுங்கள். இரண்டு தனித்தனி வட்டுகளில் பிரதி இல்லாமல் மெமரி கார்டை அழிக்கவே கூடாது.

கோப்பை ஜிப் செய்தால், அதாவது சுருக்கிக் கட்டினால், படத்தின் தரம் குறையும் என்று பலர் அஞ்சுகிறார்கள். ஆனால் பிரித்தெடுக்கும்போது ஒரு பிட்கூட மாறாமல் மூலக் கோப்பே திரும்பக் கிடைக்கும்.