பழைய கொரோலாவில் ஜப்பான் செட்டைக் கழற்றிவிட்டுப் புதுசு போடலாமா?

கேள்வி: கிளிநொச்சியில் இருக்கிறேன். என்னிடம் 2003ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 121 இருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த ரேடியோ செட் இன்னும் அதில்தான் இருக்கிறது. பாட்டுச் சத்தம் பரவாயில்லை, ஆனால் எங்கள் வானொலிகள் பிடிக்கவில்லை. மாற்றினால் வயரிங் பழுதாகுமா? எந்த செட் நல்லது?

பதில்: தாராளமாக மாற்றுங்கள். ஒரே ஒரு நிபந்தனை, செட்டுக்குப் பின்னால் வருகிற கம்பெனி பிளக்கை மட்டும் யாரையும் வெட்ட விடாதீர்கள். வாங்கிய செட் பிடிக்காவிட்டால் மாற்றலாம், உடைந்த கிளிப்புக்கு வேறு கிளிப் தேடலாம். வெட்டிய பிளக்கைப் பழையபடி ஆக்குவது பெரிய வேலை.

முதலில் வானொலி ஏன் பிடிக்கவில்லை என்பதைச் சொல்கிறேன், அது செட்டின் பழுது இல்லை. ஜப்பானில் எப்.எம் 76 இலிருந்து 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் இருந்தது. இங்கே 87.5 இலிருந்து 108 வரை. ஆகவே உங்கள் செட்டுக்கும் இலங்கைக்கும் பொதுவாக இருப்பது இரண்டரை மெகாஹேர்ட்ஸ் மட்டும். நாங்கள் கேட்கிற தமிழ் நிலையங்களில் பெரும்பாலானவை அதற்கு மேலே இருக்கின்றன. கொக்காவில் ஒலிபரப்புக் கோபுரம் 2011இல் திரும்ப எழும்பிய பிறகு கிளிநொச்சிப் பக்கம் சிக்னலுக்குப் பஞ்சமில்லை. ஏ9 வீதியில் போகிறவர்களுக்கு அது தூரத்திலேயே தெரியும். சிக்னல் உங்கள் கார்க் கூரை வரை வந்து நிற்கிறது, வாங்கத்தான் செட்டால் முடியவில்லை.

இதற்குச் சிலர் அன்ரனா வயரின் நடுவே பாண்ட் எக்ஸ்பாண்டர் என்று ஒரு சின்னப் பெட்டியைப் போட்டுத் தருவார்கள். அது எங்கள் அலைவரிசைகளைக் கீழே இறக்கி ஜப்பான் செட்டுக்குக் காட்டும். வேலை செய்யும்தான். ஆனால் திரையில் வேறு இலக்கம் காட்டும், பக்கத்து நிலையங்கள் ஒன்றோடொன்று மோதும், மெல்லிய இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும். புளூடூத்தும் இல்லாத செட்டுக்காக அந்தச் செலவு வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

எந்த செட் என்று கேட்டால், சிடி இல்லாத, புளூடூத்தும் யு.எஸ்.பியும் உள்ள சாதாரண ஒற்றை டின் செட் போதும் (டின் என்பது கார் செட்டின் பொது அளவு). பெரிய அன்ட்ரொயிட் திரை பார்வைக்கு வடிவுதான். ஆனால் விலை குறைந்தவற்றில் வானொலிப் பகுதி பலவீனமாக இருக்கும். திறப்பைத் திருப்பினால் எழும்ப நேரம் எடுக்கும். சித்திரை வெயிலில் பரந்தன் சந்தியில் ஒரு மணித்தியாலம் காரை விட்டுவிட்டு வந்து அந்தத் திரையைத் தொட்டுப் பாருங்கள், சொன்னது கேட்காது. பின்பக்கக் கமரா கட்டாயம் வேண்டும் என்றால் மட்டும் திரைக்குப் போங்கள், அப்போதும் பெயர் தெரிந்த கம்பெனியாக இருக்கட்டும். யு.எஸ்.பியில் பாட்டுப் போடுகிறவர்கள் அதை ஃபாட்32 முறையில் போர்மட் செய்துகொள்ளுங்கள். மற்ற முறைகளைப் பல செட்கள் வாசிப்பதில்லை.

அளவிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஒற்றை டின் என்பது 180 மில்லிமீற்றர் அகலம், 50 உயரம். இரட்டை டின் 100 உயரம். ஜப்பான் டொயோட்டாவின் இடைவெளியோ 200 மில்லிமீற்றர் அகலம். அதனால் எந்தச் சாதாரண செட்டைப் போட்டாலும் இரண்டு பக்கமும் ஒரு விரல் இடைவெளி தெரியும். அதை மூடுவதற்கென்றே பிளாஸ்டிக் துண்டுகள் விற்கிறார்கள், செட்டோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். ஒற்றை டின் போட்டால் கீழே மிஞ்சும் இடத்துக்கு ஒரு சின்னத் தட்டும் வாங்கலாம், போன் வைக்க உதவும்.

இனி வயருக்கு வருவோம், கவனம் தேவைப்படுவது இங்கேதான். டொயோட்டாவில் செட்டுக்குப் பின்னால் இரண்டு வெள்ளைப் பிளக்குகள் வரும், ஒன்றில் பத்துக் கால், மற்றதில் ஆறு. அவற்றில் நேராகக் கொழுவுகிற மாற்றுப் பிளக் கடைகளில் உண்டு. செட்டின் விலையோடு பார்த்தால் அதன் விலை ஒன்றுமேயில்லை. அதன் மறுபக்கத்து வயர்களைப் புது செட்டின் வயர்களோடு வீட்டு மேசையில் வைத்து இணைத்துக்கொண்டு, காருக்குள் போய்ப் பிளக்கைக் கொழுவினால் முடிந்தது. காரின் சொந்த வயரில் ஒரு கீறலும் விழாது.

பல இடங்களில் நடப்பது வேறு. பிளக்கை வெட்டி, வயர்களைக் கையால் முறுக்கி, மேலே கறுப்பு ரேப் சுற்றிவிடுவார்கள். எங்கள் வெயிலுக்கு அந்த ரேப் தாங்காது. இரண்டு வருடம் கழித்து டாஷ்போட்டைத் திறந்தால், பசை உருகி வழிந்து, ரேப் பாதி கழன்று, செம்புக் கம்பி வெளியே தெரிய, அதன்மேல் செம்மண் புழுதி ஒட்டிக்கொண்டு இருக்கும். அந்தக் கம்பி காரின் பொடியில், அதாவது இரும்பு உடலில் பட்டால் பியூஸ் போகும். பியூஸுக்குப் பதிலாக யாராவது கம்பி வைத்திருந்தால் வயரே எரியும். ஆகவே மேசையில் இணைக்கும்போது ஈயம் வைத்து ஒட்டி, சூடு காட்டினால் சுருங்கும் சிலீவ் போடுங்கள்.

புது செட்களில் வழக்கமாக மஞ்சள் வயருக்கு எப்போதும் 12 வோல்ட் வேண்டும், சிவப்புக்குத் திறப்பைத் திருப்பினால் மட்டும் வரும் 12 வோல்ட், கறுப்பு வயர் காரின் பொடிக்கு. டொயோட்டா பக்கத்தில் இவை பெரும்பாலும் மஞ்சள் கோடு போட்ட நீலம், சாம்பல், மண்ணிறம். ஆனால் இருபது வருடக் காரில் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், நடுவில் யார் யார் கை வைத்தார்களோ. ஒரு மல்ரிமீற்றரை எடுத்து, திறப்பு இல்லாமலும் திறப்போடும் அளந்து பாருங்கள். மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால் ஒவ்வொரு முறை காரை நிறுத்தும்போதும் செட் நிலையங்களை மறந்துவிடும். இரண்டையும் ஒன்றாக முறுக்கி நிரந்தர வயரில் கொடுத்தால் திறப்பை எடுத்தாலும் செட் நிற்காது, நீங்கள் மறந்துபோய்ப் படுத்தால் காலையில் பற்றறி இறங்கியிருக்கும். புது செட்டின் நீல வயரையும் சும்மா விடாதீர்கள். அன்ரனா பின்கண்ணாடியில் கோடாகப் பதிந்திருக்கும் கார்களில் அதற்கு ஒரு பூஸ்டர் இருக்கும், அதற்கு 12 வோல்ட் போவது அந்த வயரில்தான். அது போகாவிட்டால் புது செட்டிலும் இரைச்சல்தான் வரும்.

ஸ்பீக்கர் வயர்கள் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டிரண்டாகப் போகும். இன்றைய செட்கள் அந்த இரண்டு வயரிலும் மின்சாரத்தைத் தள்ளி இழுப்பவை, ஆகவே ஸ்பீக்கரின் கழித்தல் வயரைப் பொடியில் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் செட் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும், அல்லது உள்ளே இருக்கும் ஐசி எரிந்துவிடும். சில மிகப் பழைய கார்களில் எல்லா ஸ்பீக்கருக்கும் ஒரே பொதுக் கழித்தல் வயர் இருக்கும். அப்படியென்றால் கதவுவரை புது வயர் இழுக்கத்தான் வேண்டும்.

பெட்டியில் ‘50 × 4’ வாட் என்று போட்டிருக்கும் இலக்கத்தை நம்பி வாங்குகிறவர்கள் பலர். கார்ப் பற்றறியிலிருந்து நேராக ஓடுகிற செட் ஒரு ஸ்பீக்கருக்குச் சுத்தமாகக் கொடுப்பது ஏறத்தாழ 20 வாட்தான். சத்தம் தெளிவில்லை என்றால் பெரும்பாலும் குற்றவாளி ஸ்பீக்கர். கதவு அட்டையைக் கழற்றிப் பாருங்கள், பழைய கூம்பின் விளிம்பு தொட்டாலே உதிரும். காசு கொஞ்சம்தான் இருந்தால் சாதாரண செட் ஒன்றும் முன்கதவுக்கு நல்ல ஒரு சோடி ஸ்பீக்கரும் வாங்குங்கள், பின்னுக்குப் பிறகு பார்க்கலாம்.

கழற்றும் முன் 10 இலக்க ஸ்பனரால் பற்றறியின் கழித்தல் முனையை எடுத்துவிடுங்கள். டாஷ்போட் பிளாஸ்டிக் கொஞ்சம் சூடாக இருக்கும்போது வளையும், விடியப்புறக் குளிரில் இழுத்தால் கிளிப் முறியும். அதனால் காலை வெயில் ஏறியபின் தொடங்குங்கள், ஸ்குரூட்ரைவர் முனையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

இதை வாசிக்கிற வேறு யாரிடமாவது ஒஸ்டின் ஏ40 அல்லது மொரிஸ் மைனர் போன்ற பழைய கார் இருந்தால் இந்த வழியில் போக வேண்டாம். தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடித் தப்பிய கார்கள் அவை, அவற்றின் அருமை எனக்குத் தெரியும். அவற்றில் பற்றறியின் நேர் முனைதான் பொடியில் இருக்கும். இன்றைய செட்டை அப்படியே கொடுத்தால் அந்த நிமிடமே போய்விடும். முதலில் முனை மாற்றுவதா என்று அந்தக் கார் தெரிந்த ஒருவரிடம் பேசுங்கள்.

மீற்றர் பிடித்துப் பழக்கமில்லை என்றால் கடையில் கொடுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் மாற்றுப் பிளக்கை நீங்களே வாங்கிக் கையில் கொண்டுபோங்கள். “அண்ணை, இதைக் கொழுவி விடுங்கோ, வெட்ட வேண்டாம்” என்று தொடங்கும் முன்பே சொல்லிவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். டாஷ்போட்டை மூடும் முன் எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டையும் ஃபானையும் போட்டு வானொலியைக் கேளுங்கள். எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறியிறங்கும் ஊளைச் சத்தம் வந்தால் கறுப்பு வயரைக் கழற்றி, பெயின்ட் சுரண்டிய வேறு நல்ல இரும்பில் இறுக்கச் சொல்லுங்கள். கழற்றிய ஜப்பான் செட்டையும் அதன் இரும்புச் சட்டத்தையும் கேட்டு வாங்கி வாருங்கள், காரை விற்கும் நாளில் ஒரிஜினல் செட்டைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.