பிழை நேரும்போது உங்கள் கருவி என்ன சொல்கிறது?

கேள்வி: நண்பர்கள் மூவர் சேர்ந்து ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில் ஒரு சிறிய வலைச் சட்டகத்தை (இணையதளங்களைக் கட்ட உதவும் அடிப்படை நிரலை) எழுதிப் பராமரித்து வருகிறோம். அதன் கட்டளைவரிக் கருவியில் நியூ (புதிய திட்டம் தொடங்க), டெவ் (எழுதும்போதே ஓட்டிப் பார்க்க), பில்ட் (தொகுக்க), ரூட்ஸ் (முகவரிகளைப் பட்டியலிட) என நான்கு கட்டளைகள் உள்ளன. காலி வீதியில் நடத்தும் வார இறுதி வகுப்பில் மாணவர்களுக்கு அதைக் கொடுத்தோம். பாதிப்பேர் முதல் மணித்தியாலத்திலேயே சிக்கிக்கொண்டார்கள். தளத்தின் தலைப்பாகக் 'கொழும்பு நூலகம்' என்று ஒருவர் கொடுத்ததும் கருவி நின்றுவிட்டது. இன்னொருவருக்கு வார்ப்புருக் கோப்பு இல்லை என்று வந்தது. பலருக்கு 3000ஆம் போர்ட் (சேவையகம் இணைப்புகளை வாங்கும் எண்) பயன்பாட்டில் இருப்பதாக வந்தது. மாடல் (தரவின் வடிவம்), கன்ட்ரோலர் (கோரிக்கையைக் கையாளும் பகுதி) உருவாக்கும் கட்டளைகளையும் சேர்த்தால் கருவி முழுமை பெறுமா? செய்திகளைத் தமிழில் தரலாமா? – வாசகர், வெள்ளவத்தை

பதில்: புதிய கட்டளை எதையும் இப்போது சேர்க்காதீர்கள். நீங்கள் எழுதிய மூன்று சிக்கல்களும் ஏற்கெனவே இருக்கும் கட்டளைகளில்தான் நேர்ந்திருக்கின்றன. எல்லாம் சரியாக நடக்கும்போது எந்தக் கருவியும் நல்ல கருவிதான். பிழை நேரும் கணத்தில் அது என்ன சொல்கிறது, எதை விட்டுச் செல்கிறது என்பதில்தான் மாணவர் தொடர்வதும் விலகுவதும் இருக்கிறது.

'கொழும்பு' என்ற சொல்லிலேயே தொடங்குவோம். திரையில் 'கமிட்பஃபர்: இன்வாலிட் ஆர்கியுமென்ட்' என்ற வரி வந்திருக்கும். ஹாஸ்கெல் நிரலைத் தொகுக்கும் ஜி.எச்.சி. கம்பைலரின் அண்மைய பதிப்பாக இருந்தால் அதனுடன் 2965 என்ற எண்ணும் இருந்திருக்கலாம். 2965 என்பது 'க' எழுத்தின் யுனிகோட் எண். ஹாஸ்கெல் நிரல் தொடங்கும்போது இயங்குதளத்தின் மொழி அமைப்பைப் பார்த்து எழுத்துக் குறிமுறையை (எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறையை) முடிவு செய்கிறது. மொழி அமைப்பே இல்லாத டாக்கர் கொள்கலனிலும் (நிரலைத் தனியே அடைத்து ஓட்டும் சூழலிலும்) பழைய குறிமுறைப் பக்கத்தில் இயங்கும் விண்டோஸ் கன்சோலிலும் அது, தமிழையும் எழுதக்கூடிய யூ.டி.எஃப்-8 ஆக இருப்பதில்லை. அப்போது முதல் தமிழ் எழுத்திலேயே நிரல் விழுந்துவிடும். ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவர் கண்ணில் இது படவே படாது. நம் மாணவர்களுக்கோ முதல் நிமிடத்திலேயே நேர்கிறது. அதனால்தான் இதை முதலாவதாகத் திருத்தச் சொல்கிறேன்.

திருத்தம் சிறியது. நிரல் தொடங்கும் இடமான மெயின் சார்பின் தொடக்கத்திலேயே வெளியீடு, பிழை வெளியீடு இரண்டின் குறிமுறையையும் யூ.டி.எஃப்-8 ஆக அமையுங்கள். கோப்புகளைப் படிப்பதற்கான இயல்புக் குறிமுறையையும் அப்படியே மாற்றுங்கள். அதை விட்டால், தமிழ் உள்ள வார்ப்புருவைப் படிக்கும்போது 'தவறான பைட் வரிசை' என்று அதே நோய் வேறு பெயரில் திரும்பி வரும். இத்தகைய குறிமுறைச் சிக்கல்களைக் கையாள 'வித்-யூ.டி.எஃப்8' என்ற சிறு நிரலகம் இருக்கிறது. பயனர் தந்த பெயரை, மதிப்பைச் சரமாக மாற்றும் 'ஷோ' சார்பு வழியாக அச்சிடும் இடங்களையும் தேடித் திருத்துங்கள். 'ஷோ' தமிழை எழுத்தாகத் தராது, எண்களாகத்தான் தரும்.

வார்ப்புரு காணாமல் போனதற்குக் காரணம் அநேகமாக, ஹாஸ்கெல் திட்டங்களைக் கட்டும் கருவியான கபால் உருவாக்கித் தரும் 'பாத்ஸ்' மாட்யூலாக (நிரல் பகுதியாக) இருக்கும். தரவுக் கோப்புகளின் பாதையை அது நிரலைத் தொகுக்கும்போதே பதித்துவிடுகிறது. உங்கள் மடிக்கணினியில் தொகுத்த நிரலைப் பென் டிரைவில் கொண்டுபோய் இன்னொரு கணினியில் ஓட்டினால், அங்கே இல்லாத ஒரு பாதையை அது தேடும். வார்ப்புருக்களை 'ஃபைல்-எம்பெட்' நிரலகத்தால் நிரலுக்குள்ளேயே பொதிந்துவிடுங்கள். பிறகு ஒரே கோப்பை நகலெடுத்தால் போதும். ஒரு எச்சரிக்கை: பொதிந்த அடைவில் புதிய கோப்பைச் சேர்த்தால் கம்பைலர் அதைக் கவனிக்காமல் விடக்கூடும். வெளியீட்டுக்கு முன் அந்த மாட்யூலைக் கட்டாயமாக மறுபடி தொகுங்கள்.

நியூ கட்டளையிடம் இன்னொன்றும் கேளுங்கள்: அதே பெயரில் அடைவு ஏற்கெனவே இருந்தால் என்ன செய்யும்? வேறொரு சட்டகத்தின் கருவி என் இரண்டு நாள் வேலையின் மேல் வெற்று வார்ப்புருவை எழுதிவிட்டு 'வெற்றி' என்று சொன்னது இன்னும் மறக்கவில்லை. அடைவு இருந்தால் மறுத்து நில்லுங்கள். இல்லையென்றால் தற்காலிக அடைவில் எல்லாவற்றையும் எழுதி, கடைசியில் பெயர் மாற்றுங்கள். பாதியில் மின்சாரம் போனாலும் அரைகுறைத் திட்டம் மிஞ்சாது.

போர்ட் சிக்கலுக்கு இரண்டு வேர்கள். ஒன்று, டெவ் கட்டளை தொடங்கும் சேவையகம் தனிச் செயல்முறையாக ஓடுகிறது. மாணவர் கன்ட்ரோல்-சி அழுத்தியதும் உங்கள் கருவி மட்டும் முடிந்து, பிள்ளைச் செயல்முறை அநாதையாகப் போர்ட்டைப் பிடித்துக்கொண்டு இருந்துவிடக்கூடும். பிள்ளைச் செயல்முறையை 'வித்கிரியேட்பிராசஸ்' சார்புக்குள் வைத்துத் தொடங்குங்கள். தாய் எப்படி முடிந்தாலும் பிள்ளைக்கு நிறுத்தச் சொல் போகிறதா என்று கையால் சோதித்துப் பாருங்கள். நீங்கள் 'கபால் ரன்' வழியாக ஓட்டுகிறீர்கள் என்றால் பேரப்பிள்ளையையும் (பிள்ளை தொடங்கும் செயல்முறையையும்) கவனிக்க வேண்டியிருக்கும். மற்றது, பிழையைப் பிடிக்காமல் விட்டிருக்கிறீர்கள். ஹாஸ்கெலின் உள்ளீடு-வெளியீட்டுப் பிழை மாட்யூலில், வளம் பயன்பாட்டில் இருக்கிறதா என்று கேட்கும் சார்பு இருக்கிறது. அதைக் கொண்டு பிடித்து, '3000 போர்ட்டில் வேறொரு நிரல் ஓடுகிறது. வேறு எண் தர போர்ட் விருப்பத்தைப் பயன்படுத்துங்கள்' என்று எழுதுங்கள். சொல்லாமல் 3001க்குத் தாவும் கருவிகள் இருக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. மாணவர் பழைய 3000 பக்கத்தையே புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்த்து, தன் மாற்றம் ஏன் வரவில்லை என்று குழம்புவார்.

டெவ் கட்டளையின் வேகத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒன்று சொல்கிறேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முழுத் தொகுப்பும் இணைப்பும் நடந்தால் சாதாரண மடிக்கணினி திணறும். ஜி.எச்.சி.யின் ஊடாடும் முறையில் மாறிய மாட்யூல்களை மட்டும் மறுபடி ஏற்றுவது பல மடங்கு விரைவு. ஹாஸ்கெலின் இன்னொரு வலைச் சட்டகமான யெசோட்டின் டெவல் கட்டளை, போர்ட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டு கோரிக்கைகளைப் பின்னால் இருக்கும் பயன்பாட்டுக்கு அனுப்புகிறது. தொகுப்பு நடக்கும்போது உலாவியில் இணைப்புப் பிழைக்குப் பதிலாகக் காத்திருக்கச் சொல்லும் பக்கம் வரும். அந்த அமைப்பைப் படித்துப் பாருங்கள்.

கட்டளைகளை நீங்களே பட்டியலாக வாங்கிப் பிரிக்கிறீர்கள் என்றால் 'ஆப்ட்பார்ஸ்-அப்ளிகேடிவ்' நிரலகத்துக்கு மாறுங்கள். உதவிப் பக்கம், எழுத்துப்பிழைக்குப் பரிந்துரை, பாஷ் ஷெல்லுக்கான தானியங்கி நிறைவு எல்லாம் அதனுடனேயே வரும். அதைவிட முக்கியமானது, கட்டளைகள் ஒரு தரவு வகையாக மாறிவிடும். நாளை ஐந்தாவது கட்டளையைச் சேர்த்துவிட்டு அதைக் கையாள மறந்தால், எச்சரிக்கைகளை இயக்கியிருக்கும் வரை கம்பைலரே சொல்லிவிடும். தோல்வி நேர்ந்தால் செய்தி பிழை வெளியீட்டுக்குப் போகட்டும், முடிவுக் குறியீடு 0 ஆக (அதற்கு 'வெற்றி' என்று பொருள்) இருக்கவே கூடாது. நிறங்களை முனையத்தில் மட்டும் காட்டுங்கள்.

தமிழ்ச் செய்திகள்? தாருங்கள், மனமார வரவேற்கிறேன். ஆனால் கட்டளைப் பெயர்களை மொழிபெயர்க்க வேண்டாம். பிழைகள் அனைத்தையும் ஒரு வகையாக எழுதி, அதைத் தமிழாகவோ சிங்களமாகவோ ஆங்கிலமாகவோ மாற்றும் சார்புகளைத் தனித்தனியே வையுங்கள். அப்போது ஒரு மொழியில் செய்தி விடுபட்டாலும் தெரிந்துவிடும். நெடுவரிசைகளாக அடுக்கும் உதவிப் பக்கத்தை மட்டும் இப்போதைக்கு ஆங்கிலத்தில் விடுங்கள். 'கொழும்பு' நமக்கு நான்கு எழுத்து. ஹாஸ்கெலின் நீளச் சார்பு ஒவ்வொரு யுனிகோட் குறியையும் தனியே எண்ணி எட்டு என்று சொல்லும். அந்தக் கணக்கில் இடைவெளி விட்டால் நெடுவரிசைகள் கோணலாகும். பல முனையங்கள் கொம்பையும் காலையும் சரியான இடத்தில் வரைவதும் இல்லை. வாக்கியமாக வரும் பிழைச் செய்திகளில் இந்தத் தொல்லை குறைவு. ஆகவே தமிழை அங்கிருந்து தொடங்குங்கள்.

கட்டாயம் ஒரு புதிய கட்டளை வேண்டும் என்றால், மாடல் உருவாக்கும் கட்டளைக்கு முன் சோதனைக் கட்டளை ஒன்றை எழுதுங்கள். ஜி.எச்.சி. பதிப்பு பொருந்துகிறதா, கபால் இருக்கிறதா, 3000 போர்ட் காலியா, குறிமுறை யூ.டி.எஃப்-8 தானா என்ற நான்கையும் பார்த்து ஒவ்வொன்றையும் ஒரு வரியில் சொல்லட்டும். அடுத்த வகுப்பில் மாணவர்கள் வேறெதையும் தட்டுவதற்கு முன் அதை ஓட்டச் சொல்லுங்கள். விசைப்பலகையைத் தொடாமல் அவர்களுக்குப் பின்னால் நின்று, எந்த வரியில் கை தயங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பை எனக்கு அனுப்பினால், மாடல் கட்டளையைப் பற்றி அப்போது பேசலாம்.