பிள்ளை கூட்டப்பட்டவரின் கேள்வி: ஆலோசகர் மீது வருத்தம் வந்தால் விலகிவிடலாமா?

காரைக்குடிக்கு அருகில் வசிக்கும் 43 வயது வாசகர் ஒருவர் எழுதியிருப்பதன் சுருக்கம்: “17 வயதில் என்னைப் பங்காளி வீட்டுக்குப் பிள்ளை கூட்டினார்கள் (நகரத்தார் வழக்கில் தத்தெடுப்பதை இப்படிச் சொல்வார்கள்). கூட்டிக்கொண்ட வீட்டு ஆத்தாவுக்கு (அம்மாவுக்கு) இப்போது வயதாகிவிட்டது. பெற்ற அப்பச்சி (அப்பா) படுக்கையில் இருக்கிறார். யாருக்கு எவ்வளவு செய்வது என்ற குழப்பத்தில் தூக்கம் குறைந்துவிட்டது, மனைவி மக்களிடம் எரிந்து விழுகிறேன். மதுரையில் உளவியல் சிகிச்சையாளர் ஒருவரைச் சில மாதங்களாகப் பார்க்கிறேன். வழி கேட்டால், ‘இதை என்னிடம் சொல்லும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது?’ என்று திருப்பிக் கேட்கிறார். போன முறை நான் பேசிக்கொண்டிருந்தபோது கைப்பேசியை எடுத்துப் பேசினார். ‘பரவாயில்லைங்க’ என்று சொல்லிவிட்டு வந்தேன், அதன்பின் போகவில்லை. இது முறையான சிகிச்சைதானா? தொடரலாமா? மனைவியையும் அழைத்துப் போகலாமா?”

இன்னும் ஓர் அமர்வுக்குப் போங்கள் என்பதே என் ஆலோசனை. போனதும் அந்தக் கைப்பேசி விஷயத்தையே முதலில் பேசுங்கள். சின்ன விஷயத்தைப் பெரிதுபடுத்தச் சொல்கிறேனே என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் சிகிச்சைக்கு மிகவும் பயன்படக்கூடிய செய்தி அதுதான்.

உங்கள் சிகிச்சையாளர் பின்பற்றுவது உறவுசார் அணுகுமுறையாகத் தெரிகிறது. ஒருவருடைய துன்பம் அவருக்குள் மட்டும் உருவாவதில்லை, நெருங்கியவர்களோடு அவர் பழகிப் பழகிக் கற்றுக்கொண்ட முறைகளில்தான் பெரும்பாலும் வேர்விட்டிருக்கிறது, அந்த முறைகள் சிகிச்சையாளரோடு பழகும்போதும் தலைகாட்டும், அப்போது அவற்றை இருவரும் சேர்ந்து பார்க்க முடியும் என்பது இதன் அடிப்படை. பரிவும் ஒளிவுமறைவற்ற தன்மையும் நிபந்தனையற்ற மதிப்பும் சிகிச்சையாளரிடம் இருப்பதே மாற்றத்துக்கு இன்றியமையாதது என்று உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் வாதிட்டார். இலக்கில் உடன்பாடு, அதற்காகச் செய்யும் வேலைகளில் உடன்பாடு, இருவருக்குமிடையிலான பிணைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்ததே சிகிச்சைக் கூட்டுறவு என்று இன்னொரு உளவியலாளரான எட்வர்ட் போர்டின் 1979இல் வகுத்தார். இந்தக் கூட்டுறவு நன்றாக அமைந்த சிகிச்சைகளில் பலனும் கூடுதலாக இருப்பதைப் பின்னர் வந்த பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பலனுக்கு அது ஒன்றே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே அவர் கேட்ட கேள்வி உங்களைத் தட்டிக்கழிக்கக் கேட்டதாக எனக்குப் படவில்லை. அந்தக் கேள்வி எதற்காக என்பதை அவர் தொடக்கத்திலேயே விளக்கியிருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

இனி உங்கள் நிலைக்கு வருகிறேன். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டம் 15 வயது நிறைவடையாதவரையே தத்தெடுக்கலாம் என்று சொன்னாலும், வழக்காறு இடங்கொடுக்கும் இடங்களில் விலக்கு அளிக்கிறது. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வளர்ந்த பிள்ளையைக் கூட்டிக்கொள்வது அப்படிப்பட்ட வழக்காறுதான். அதே சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, தத்துப் போன நாளிலிருந்து பிறந்த குடும்பத்தோடு உள்ள உறவுகள் அற்றுப்போனதாகக் கருதப்படும். சொத்துக்கும் வாரிசுரிமைக்கும் இது தெளிவான ஏற்பாடு. மனம் மட்டும் இப்படி ஒரு நாளைக் குறித்துக்கொண்டு ஓர் அப்பச்சியை விட்டு இன்னொருவரிடம் போய்விடுவதில்லை. புதிய வீட்டில் எல்லாரும் தன்னைக் கவனிக்கிறார்கள் என்று உணரும் 17 வயதுப் பையன், யாருக்கும் முகம் கோணாமல் நடந்துகொள்வதும், கேட்காமலே வேலைகளை எடுத்துச் செய்வதும், தன் மனத்தாங்கலை விழுங்கிக்கொள்வதும் அந்த வீட்டில் நிலைத்து நிற்க வழி என்று கற்றுக்கொண்டிருக்கக் கூடும். பிள்ளை வந்தவர் எல்லாரும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. இது உங்களுக்குப் பொருந்துகிறதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பொருந்துமானால், கைப்பேசி மணி அடித்தபோது நடந்ததைத் திரும்பப் பாருங்கள். உங்களுக்கு வலித்தது, வலித்ததைச் சொல்லாமல் ‘பரவாயில்லைங்க’ என்றீர்கள், பிறகு சத்தமில்லாமல் நின்றுவிட்டீர்கள். வளவு எனும் உள்முற்றத்தைச் சுற்றிப் பல புள்ளிகள் (தனித்தனிக் குடும்பங்கள்) சேர்ந்து வாழ்ந்த வீடுகளில் இந்தப் பொறுமை பல சண்டைகளைத் தவிர்த்திருக்கிறது, அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் இரண்டு வீட்டுப் பொறுப்பும் ஒன்றாக வந்து சேரும்போது, வாய்விட்டு மறுக்க முடியாதவர் கடைசியில் மனைவி மக்களிடம்தான் வெடிப்பார். சிகிச்சை உறவில் ஏற்படும் விரிசல்களை ஆராய்ந்த ஜெரமி சாஃப்ரன், கிறிஸ்டோபர் முரான் இருவரும் அவற்றை மோதல், விலகல் என இரண்டாகப் பிரித்தார்கள். உங்களுடையது விலகல். மோதல் உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும். விலகுபவர் தலையாட்டிக்கொண்டே விலகுவதால் சிகிச்சையாளருக்கே அது தெரியாமல் போகலாம். விரிசலைப் பேசிச் சரிசெய்யும் அந்த அனுபவமே பலருக்குச் சிகிச்சையின் திருப்புமுனையாக அமைகிறது, ஏனென்றால் மனக்குறையைச் சொன்ன பிறகும் உறவு அறுபடவில்லை என்பதை அவர்கள் முதன்முறையாக அங்கேதான் காண்கிறார்கள்.

எப்படித் தொடங்குவது என்று தயங்க வேண்டாம். “போன முறை நீங்கள் போனை எடுத்தது எனக்கு வருத்தமாக இருந்தது. பரவாயில்லை என்று சொன்னேன், ஆனால் பரவாயில்லையாக இல்லை. அதனால்தான் வரவில்லை” என்றால் போதும். நேரில் சொல்ல நா எழவில்லையென்றால், எழுதி எடுத்துச் சென்று படியுங்கள். நல்ல சிகிச்சையாளர் தன் தவற்றை ஒப்புக்கொள்வார், அந்த நேரத்தில் உங்களுக்குள் என்ன ஓடியது என்று பொறுமையாகக் கேட்பார், இப்படி விழுங்கிக்கொள்ள நேர்ந்த வேறு இடங்களையும் மெல்ல விசாரிப்பார். அவசர அழைப்பு என்று சாதித்தாலோ, இது உங்கள் மனக்கோளாறு என்று உங்கள் மீதே திருப்பினாலோ, அமர்வுகளில் மறுபடியும் போனை எடுத்தாலோ, தயங்காமல் வேறொருவரைத் தேடுங்கள். அணுகுமுறையின் பெயரைச் சொல்லிக்கொண்டு கவனக்குறைவாக இருக்க யாருக்கும் உரிமை இல்லை.

உறவுசார் அணுகுமுறை என்பதால் அவர் உங்களுக்கு உறவினர் ஆகிவிட மாட்டார். ஒரே கோயில் பங்காளியாகவோ பெண் கொடுத்து எடுத்த வகையில் நெருங்கியவராகவோ இருப்பவரிடம் இந்தச் சிகிச்சைக்குப் போகாமல் இருப்பதே நல்லது. நம் ஊர்களில் யாரைத் தொட்டாலும் ஏதோ ஓர் உறவு வந்துவிடும் என்பதால், மதுரைக்கு அலைவது வீண் என்று நினைக்காதீர்கள். நீங்கள் பேசுவதை இரகசியமாக வைத்திருப்பது மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 23ஆம் பிரிவு விதிக்கும் கடமை. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற ஆணை போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அவர் மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்பதும் அநாகரிகம் ஆகாது. வீட்டுப் பங்கு, உயில் போன்றவற்றில் வழிகாட்ட வேண்டியவர் வழக்கறிஞர். எந்த அப்பச்சிக்கு, எந்த ஆத்தாவுக்கு எவ்வளவு செய்வது என்ற முடிவையும் சிகிச்சையாளர் உங்களுக்காக எடுக்க மாட்டார்; முடிவெடுக்கும்போது பயமோ குற்றவுணர்வோ உங்களைத் தள்ளிக்கொண்டு போகிறதா என்று பார்க்க உதவுவார்.

தூக்கக் குறைவை மட்டும் பேச்சோடு விட்டுவிடாதீர்கள். அது வாரக்கணக்கில் நீடித்தாலோ, பசியும் எதிலும் பிடிப்பும் குறைந்தாலோ மனநல மருத்துவரையும் பாருங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குத் தொலைவில்லை. வாழ வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது தலைதூக்கினால், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவிச் சேவை) எண்ணை எந்த நேரத்திலும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். மருந்து எடுத்துக்கொள்வது இந்தச் சிகிச்சைக்குத் தடையாகாது.

மனைவியை இப்போதைக்கு இந்த அமர்வுகளுக்கு அழைத்துப் போக வேண்டாம். அங்கேயும் ஒருவருக்காக முகம் பார்த்துப் பேச வேண்டிய நிலை உங்களுக்கு வந்துவிடும். இருவரும் சேர்ந்து பேச வேண்டியவை நிறைய இருந்தால், தம்பதியருக்கான சிகிச்சைக்கு வேறொருவரை உங்கள் சிகிச்சையாளரே பரிந்துரைப்பார். நீங்கள் என்ன சிகிச்சை எடுக்கிறீர்கள், ஏன் எரிந்து விழுகிறீர்கள் என்பதை மட்டும் இன்றே மனைவியிடம் சொல்லிவிடுங்கள். அதற்கு எந்த ஆலோசகரும் தேவையில்லை.