மன்னித்துவிட்டால் மறுபடியும் கூட்டுச் சேர வேண்டுமா?

திருப்பூரில் நண்பருடன் சேர்ந்து பனியன் ஜாப் ஒர்க் நடத்திய ஒருவர், அந்த நண்பர் தமக்குத் தெரியாமல் வேலை தரும் பார்ட்டிகளைத் தனியே இழுத்துக்கொண்டு போய்விட்டதாகவும், சபையில் எல்லோரும் மன்னிக்கச் சொல்வதாகவும் எழுதி, கிறிஸ்தவன் என்ற முறையில் அவரோடு பழையபடி சேர வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்.

மன்னிக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எத்தனை முறை மன்னிப்பது என்று கேட்ட சீடன் பேதுருவுக்கு இயேசு சொன்ன 'ஏழெழுபதுதரம்' என்ற பதில் நமக்கும் உரியதே. ஆனால், அதே மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் அதற்குச் சற்று முன்பு, குற்றம் செய்தவனிடம் தனியே போய் அதை எடுத்துச் சொல் என்றும், கேளாவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ என்றும் இருப்பதைச் சமாதானம் பேச வருகிறவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். நம் கொங்குப் பக்கத்தில் நண்பனிடம் எழுதி வாங்குவதே அவனை அவமதிப்பது என்று எண்ணி வாய்ப்பேச்சிலேயே கூட்டுத் தொழில் தொடங்குகிறவர்கள் உண்டு. பிறகு முறிவு வரும்போது காட்ட ஒரு தாளும் இல்லாததால், ஏமாந்தவர் வாய்மூடி இருப்பதற்கே மன்னிப்பு என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

பேதுருவை இயேசு அப்படி மூடி மறைத்து ஏற்றுக்கொள்ளவில்லை. இயேசுவை அறியேன் என்று அவன் மறுதலித்த இரவில் குளிர்காய்ந்தது கரிநெருப்பருகே. உயிர்த்தெழுந்த பின் திபேரியாக் கடற்கரையிலும் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் கொடுத்துச் சாப்பிட வைத்து, அதன் பிறகே "என்னை நேசிக்கிறாயா" என்று மூன்று முறை கேட்டார். மூன்றாம் முறை அவன் துக்கப்பட்டான் என்று யோவான் எழுதுகிறார். பசியாற்றிய அன்பே காயத்தையும் தொட்டது. ஆடுகளை மேய்க்கும் பொறுப்பும் அந்த உரையாடலிலேயே அவனுக்குத் திரும்பக் கிடைத்தது.

உங்கள் நிலைக்கு இன்னும் நெருக்கமானது மாற்குவின் கதை. அப்போஸ்தலர் பவுலும் அவருடைய தோழர் பர்னபாவும் சென்ற ஊழியப் பயணத்தில், பம்பிலியா நாட்டில் அவர்களைவிட்டுப் பிரிந்துபோன அவனை அடுத்த பயணத்தில் சேர்க்கப் பவுல் மறுத்தார்; பர்னபாவோ அவனை அழைத்துக்கொண்டு சீப்புரு (சைப்ரஸ்) தீவுக்குக் கப்பலேறினார். இருவரில் யார் செய்தது சரி என்று அப்போஸ்தலர் நடபடிகள் தீர்ப்புச் சொல்லவில்லை, அது எனக்குப் பிடித்திருக்கிறது. பின்னாளில் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதுகையில் மாற்குவை அழைத்துவரச் சொல்லி, அவன் தமக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார் அதே பவுல்.

ஆகவே இன்றைக்கே அவரைப் பங்குதாரராக ஏற்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. தனியே சந்தித்து, நடந்ததைப் பெயர் சொல்லிப் பேசுங்கள். வரவேண்டிய தொகையைக் கேளுங்கள், அதில் எவ்வளவை விட்டுக்கொடுப்பது என்பது உங்கள் மனம். பார்ட்டிகளிடம் அவரைப் பற்றித் தாழ்வாகப் பேசாதீர்கள். அவர் வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை வந்தால் போய் வாருங்கள். அவரே தவற்றை ஒப்புக்கொண்டு மீண்டும் தொழில் பேச வந்தால் மறுக்காமல் உட்கார்ந்து கேளுங்கள், ஆனால் இம்முறை ஆடிட்டரை வைத்துக் கூட்டு ஒப்பந்தம் எழுதிய பிறகே மெஷினை ஓட்டுங்கள்.