கையெழுத்தும் அதற்குப் பிறகும்

அன்புள்ள ஐயா,

அதிகாரத்தையும் பொய்யையும் பற்றித் தாங்கள் எழுதியதை வாசித்தேன். மக்கள் ஏமாறுவதற்கு அறியாமைதான் காரணம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். என் அப்பாவை நினைத்தால் அப்படிச் சொல்ல முடியவில்லை. அவர் ஓர் அரசு ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். ஒருமுறை குடிநீர்ப் பரிசோதனையில் வந்த முடிவை மாற்றி எழுதும்படி மேலிடத்திலிருந்து சொன்னார்கள். ஏழு பேரில் ஆறு பேர் கையெழுத்துப் போட்டார்கள், அப்பாவும் போட்டார். மறுத்த ஒருவரைத் தொலைதூரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதுவரை வாராவாரம் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர் அவர். அதற்குப் பிறகு வீட்டில் அவர் பெயரே எழவில்லை. ஓய்வுபெற்று வெகுநாள் கழித்துத்தான் அப்பா இதை என்னிடம் சொன்னார். "யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொண்டார். அவர் ஏமாற்றப்பட்டவரா, மிரட்டப்பட்டவரா, உடந்தையா? இதற்கு மேல் அவரிடம் கேட்கலாமா, விட்டுவிடலாமா?

பெயர் வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மூன்றும்தான் என்பது என் பதில். ஆனால் மூன்றுக்கும் ஒரே எடை கிடையாது. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் தொந்தரவு செய்தது கையெழுத்து அல்ல. வாராவாரம் வந்துகொண்டிருந்த ஒரு மனிதரின் பெயர் ஒரு வீட்டிலிருந்து அழிந்துபோனதுதான்.

முதலில் அறியாமை. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை நடத்தினார். ஓர் அட்டையில் ஒரு கோடு, இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். மூன்றில் எது முதல் கோட்டின் நீளம் என்று சொல்ல வேண்டும். குழந்தைகூடச் சொல்லிவிடும். தனியாகக் கேட்டபோது நூற்றில் ஒரு பதில்கூடத் தவறவில்லை. ஆனால் அறையில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் ஏற்கெனவே சொல்லிவைக்கப்பட்டவர்கள். ஒருவர் பின் ஒருவராக அதே தவறான பதிலைச் சொல்வார்கள். விஷயம் தெரியாத அந்த ஒருவரின் முறை கடைசிக்குப் பக்கத்தில்தான் வரும். அப்படிக் கேட்டபோது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பதில்கள் கூட்டத்தோடு சேர்ந்து தவறாகப் போயின. நால்வரில் மூவர் ஒருமுறையாவது கண்ணெதிரே இருந்த நீளத்தை மறுத்துச் சொன்னார்கள்.

அங்கே மிரட்டலும் இல்லை, இடமாற்ற உத்தரவும் இல்லை. முன்பின் தெரியாத சிலரிடமிருந்து தனித்துத் தெரிவதற்கான கூச்சம், அவ்வளவுதான். சம்பளம், பதவி உயர்வு, வீட்டில் படித்துக்கொண்டிருக்கும் ஒரு மகள் என எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு ஒரு மேசையைச் சுற்றி நின்ற ஏழு பேரை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஊரோடு ஒத்து வாழ் என்று சொல்லித்தானே எல்லோரையும் வளர்க்கிறார்கள். உங்கள் அப்பாவுக்கு முடிவு பொய் என்று தெரியும். மற்ற ஐவருக்கும் தெரியும் என்பதும் தெரிந்திருக்கும். அப்படியும் அந்தப் பொய் நின்றது.

ஆஷின் சோதனையில் இன்னொரு பகுதி உண்டு. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னால் போதும், கூட்டத்துக்கு இணங்கிப் போகும் தவறுகள் ஏறத்தாழ கால்பங்காகக் குறைந்துவிட்டன. பெரும்பான்மை தேவைப்படவில்லை, துணைக்கு ஓர் ஆள் போதும். இந்தச் சோதனையைப் பற்றி எதையும் படிக்காத அதிகாரிகளுக்கும் இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அந்த ஓர் ஆளின் மீது முதலில் கை வைக்கிறார்கள்.

1958இல் சீனாவின் தலைவர் மாவோ, விளைச்சலையும் தொழில் உற்பத்தியையும் வேகமாகப் பெருக்க ‘மாபெரும் பாய்ச்சல்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். எந்த வட்டாரத்தில் விளைச்சல் அதிகம் என்ற போட்டியில் அதிகாரிகள் கணக்கை ஏற்றிக்கொண்டே போனார்கள். ஒருவர் இரட்டிப்பு என்றால் அடுத்தவர் அதற்கும் மேலே சொல்லியாக வேண்டும். அந்த ஆண்டின் தானிய விளைச்சல் 37.5 கோடி டன் என்று அறிவித்தார்கள். உண்மையில் அது சுமார் 20 கோடி டன்தான். அரசு தன் கொள்முதலை ஏட்டிலிருந்த விளைச்சலை வைத்துக் கேட்டது. விதைக்கும் உணவுக்கும் வைத்திருந்ததும் போயிற்று.

1959 ஜூலையில் லூஷான் மலையில் கட்சித் தலைவர்கள் கூடினார்கள். பாதுகாப்பு அமைச்சராக இருந்த பெங் தெஹுவாய் மாவோவுக்குத் தனிப்பட்ட முறையில் ஒரு கடிதம் எழுதினார். கணக்குகள் மிகைப்படுத்தப்பட்டிருப்பதை அதில் சுட்டிக்காட்டினார். மாவோ அதைப் பிரதியெடுத்து எல்லோருக்கும் கொடுக்கச் செய்தார். அறையில் இருந்தவர்கள் புரிந்துகொண்டார்கள். பெங்கோடு நின்ற சிலர் அவரோடு சேர்ந்து பதவியை இழந்தார்கள். மற்றவர்கள், அவரோடு போர்க்களத்தில் இருந்தவர்கள் உட்பட, எழுந்து நின்று அவரைக் கண்டித்தார்கள். அதற்கு முன் சற்றுத் தணிந்திருந்த திட்டத்தின் வேகம் அதற்குப் பிறகு மீண்டும் கூட்டப்பட்டது.

ஹெனான் மாகாணத்தின் ஷின்யாங் வட்டாரத்தில் அந்த ஆண்டு நடந்ததை வாசித்துவிட்டு எளிதில் உறங்க முடியாது. ஏட்டில் இருந்த தானியம் களத்தில் இல்லை. இல்லை என்று ஒப்புக்கொண்டால் பொய்க்கணக்கு எழுதியவர் மாட்டிக்கொள்வார். எனவே விவசாயிகள் ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்றார்கள். வீடு வீடாகத் தேடினார்கள், அடித்தார்கள், சித்திரவதை செய்தார்கள். வெளியே உதவி கேட்டு எழுதிய கடிதங்களை அஞ்சலகத்திலேயே பிடித்துவைத்தார்கள். ஊரைவிட்டுத் தப்பிப் போகும் பாதைகளில் காவல் போட்டார்கள். அரசுக் கிடங்குகளில் தானியம் இருக்கும்போதே அந்த ஒரு வட்டாரத்தில் சுமார் பத்து லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள்.

இதில் நான் ஒரு வேறுபாட்டைப் பார்க்கிறேன். கணக்கை ஏற்றி எழுதிய அதிகாரி பயந்தவர். அதற்காக அவரை மன்னிக்கலாமா என்று வாதாட இடமுண்டு. அந்தக் கணக்கைக் காப்பாற்றுவதற்காகப் பட்டினி கிடந்தவனைத் திருடன் என்று அடித்தவரைப் பற்றி அப்படி வாதாட எனக்கு மனம் வரவில்லை. இரண்டும் பல சமயம் ஒரே மனிதர்தான். முதல் பொய்யை மேலிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறது. அதைக் காப்பதற்கான கொடுமையை மனிதர்கள் தாங்களாகவே செய்யத் தொடங்கிவிடுகிறார்கள்.

உங்கள் அப்பா யாரையும் அடிக்கவில்லை. அவரை அந்த வரிசையில் நிறுத்துவது அநியாயம். ஆனால் மறுத்த அந்த நண்பரிடம் இனி பேசக்கூடாது என்று எந்த உத்தரவும் வந்திருக்காது என்றே நினைக்கிறேன். இடமாற்றம்தான் அலுவலகம் கொடுத்த தண்டனை. வீட்டுக்கதவைச் சாத்தியது ஆய்வகத்தில் இருந்த ஆறு பேரும்தான். அச்சத்தால் என்று சொல்லலாம். எனக்கு அதைவிட வெட்கம்தான் காரணமாகத் தோன்றுகிறது. அவர் முகத்தைப் பார்த்தால் தங்கள் கையெழுத்து ஞாபகம் வரும். ஒருவர் மறுக்க முடிந்திருக்கிறது என்பதே மற்றவர்களின் ‘வேறு வழியில்லை’ என்ற வாதத்தை உடைத்துவிடுகிறது. நல்லவர்கள்தான் இப்படி விலகுகிறார்கள். மனசாட்சி இல்லாதவருக்கு அந்த முகம் எந்தத் தொந்தரவும் தராது.

"யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது அவருக்கு எப்படித் தெரியும்? தண்ணீரில் என்ன இருந்தது என்று சொல்லும் ஒரே தாளை மாற்றி எழுதிய பிறகு, யாருக்காவது வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்திருந்தால் அதைத் தண்ணீரோடு இணைத்துப் பார்க்க யாரிடம் என்ன இருந்திருக்கும்? உங்கள் அப்பா இங்கே உங்களை ஏமாற்றுவதாக நான் நினைக்கவில்லை. இத்தனை ஆண்டுகளாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டதை உங்களிடமும் சொல்லியிருக்கிறார். நீங்கள் கேட்ட மூன்றில் ‘ஏமாற்றப்பட்டவர்’ என்பது பொருந்துவது இந்த ஓரிடத்தில்தான்.

அவரிடம் கேட்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கேளுங்கள். கையெழுத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம். அதற்கான பதிலை அவர் பலமுறை ஒத்திகை பார்த்திருப்பார். அந்த நண்பரைப் பற்றிக் கேளுங்கள். என்ன பேசிக்கொண்டிருப்பார்கள், கடைசியாக எப்போது பார்த்தார், மாற்றலாகிப் போன பிறகு கடிதம் ஏதும் வந்ததா, வந்திருந்தால் பதில் போட்டாரா? அவர் தானாகவே இதை உங்களிடம் சொல்லியிருக்கிறார் என்பதால், யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்திருக்கவும்கூடும். அந்த நண்பர் இன்னும் இருக்கிறார் என்றால் முகவரியைத் தேடிப் பிடியுங்கள். அப்பா வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போய்ப் பாருங்கள்.

அன்புடன்.