குப்பை வண்டி வருகிறது, கேள்விகளைக் கொட்டுங்கள்

மதுரை செல்லூரிலிருந்து: அண்ணே, நாங்கள் குப்பையைப் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே போடுகிறார்கள், பிறகு எதற்குப் பிரிக்க வேண்டும்?

ஒன்றாகப் போட்டால் அங்கேயே கேளுங்கள், அடுத்த நாளும் அதே கதை என்றால் வார்டு சுகாதார ஆய்வாளரிடம் சொல்லுங்கள். அதற்காகப் பிரிப்பதை விட்டுவிடாதீர்கள். குழம்பு ஊறிய அட்டையை எந்தப் பழைய பேப்பர்காரரும் தொடமாட்டார். கலந்து போனால் வெள்ளைக்கல் குப்பைக் கிடங்கில் மலைதான் வளரும், அவனியாபுரம் பக்கம் குடியிருப்பவர்களைக் கேட்டால் வாசனையைப் பற்றிச் சொல்வார்கள்.

அண்ணா நகர் அக்கா: பேரனின் டயப்பர் எதில் போடுவது?

மக்கும் குப்பையில் மட்டும் வேண்டாம். பழைய செய்தித்தாளில் இறுக்கிச் சுற்றி, மேலே சிவப்பு மையில் ஒரு குறி போட்டுத் தனியாகக் கொடுங்கள் அக்கா, அதைக் கையால் எடுப்பவரும் மனுஷர்தான். உடைந்த டியூப்லைட், காலாவதி மாத்திரை, பெயின்ட் டப்பா இதெல்லாமும் தனிதான்.

வில்லாபுரம்: வீட்டு மொட்டைமாடியில் காதுகுத்து, இருநூறு பேர் வருவார்கள். இலையெல்லாம் என்ன செய்ய?

2016-இல் வந்த திடக்கழிவு விதிகளிலேயே, நூறு பேருக்கு மேல் கூடினால் மூன்று வேலை நாள் முன்பே உள்ளாட்சிக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தது, யாரும் சொல்வதில்லை என்பது வேறு விஷயம். சொல்லிவிட்டால் வண்டி கேட்க உங்களுக்கும் வாய் இருக்கும். வாழை இலை அருமையாக மக்கும், கெடுப்பது அதற்குள் சுருட்டி வைக்கும் தண்ணீர் கப்புதான். பிளாஸ்டிக் கப், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டு, மேசைமேல் விரிக்கும் பிளாஸ்டிக் ஷீட் எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை, சமையல்காரர் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்புங்கள். டம்ளரை வாடகைப் பாத்திரக்கடையிலேயே எடுத்துவிடலாம். பந்தியில் இரண்டு கூடை வைத்து, மிச்சச் சோற்றோடு இலை ஒன்றில், மற்றது இன்னொன்றில் என்று எடுப்பவரிடம் முதல் பந்திக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மூன்றாம் பந்தியில் சொன்னால் நடக்காது.

திருநகர்: வேப்பஞ்சருகைக் கொளுத்தலாமா சார், கொசு போகுமே?

கூடாது. அதே விதிகளில் தெருவிலோ வீட்டுக்கு வெளியிலோ குப்பை எரிக்கத் தடை. செடிக்கடியில் பரப்புங்கள், மண் காயாது.

பெயர் வேண்டாம் என்றவர்: பால் பாக்கெட்?

கழுவிக் காயவைத்து மக்காத குப்பையில். முனையைத் துண்டாக வெட்டாதீர்கள், அந்தத் துணுக்கை யாரும் பொறுக்க முடியாது, சாக்கடையில்தான் சேரும்.

கரிமேடு: பாத்ரூம் இடித்த கல்லும் மண்ணும் இருக்கிறது, வீட்டு வண்டியில் எடுக்கமாட்டேன் என்கிறார்கள்.

சரியாகத்தான் சொல்கிறார்கள். கட்டட இடிபாடு தனிக் கணக்கு. மூட்டை கட்டி வாசலுக்குள்ளேயே வையுங்கள், எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். ராத்திரியோடு ராத்திரியாகக் கிருதுமால் கால்வாயில் தள்ளும் யோசனை மட்டும் வேண்டாம்.